'வேணாம்' என்ற பொத்தான்

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது மலைமேல் நடந்த ஒரு கல்யாணத்தில். பெரிய அண்டாவில் வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்தும் ஆகிவிட்டது. மேலாக இருப்பதை அள்ளிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது என்றார் சமையல்காரர். அக்கா ஒரு பிடி சோற்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"தீஞ்ச வாடை வருது. மாட்டுக்குக் கொட்டுங்க. மொதல்லருந்து ஒல வைங்க."

அவர் பெண் வீட்டுக்காரரும் இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்காரரும் இல்லை. பத்திரிகை வைத்து அழைக்கப்பட்டவர், அவ்வளவுதான். யாரும் அசையாததால் தானே அண்டாவின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கப் போனார். அதற்குப் பிறகுதான் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பசியோடு காத்திருந்த சனம் அவரைத் திட்டாத திட்டில்லை. நானும் மனதுக்குள் திட்டினேன். புதுச்சோறு வந்தபோது எல்லோரும் குனிந்து சாப்பிட்டோம். அவர் மட்டும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தார்.

நான் அப்போது ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். போர்டில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும் போட்டோ எடுப்பது, சான்றிதழுக்கு ஆன்லைனில் பதிவது, போனில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது என்று எல்லாம் உண்டு. என் ஊர் போளூர். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து மலைக்கு வந்து கடை போட்ட பெண் என்பதால் என்னை எல்லாருக்கும் தெரியும். அக்காவின் ஊர் அங்கிருந்து உள்ளே, ஜீப் போகிற தூரத்தில். சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் போடுவார்கள். வீட்டைச் சுற்றிப் புளியமரங்கள். அக்காவும் அவர் வீட்டுக்காரரும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை.

அவர்கள் ஊர்ப் பெண்கள் கடைக்கு வந்தால் அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள். ஒருமுறை விதைத்த சாமையைக் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போனதாம். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் அந்த வருசத்தை விட்டுவிட்டார்கள். அக்கா மறுபடி ஏர் பூட்டி மறுபடி விதைத்தார். அதையும் பன்றி தின்றது. மூன்றாவது முறையும் விதைத்தார். "பன்னிக்கே சலிச்சிப் போச்சு" என்றாள் ஒருத்தி.

சண்டைக்குப் பஞ்சாயத்துச் சொல்லவும் அவரைக் கூப்பிடுவார்களாம். அவர் தீர்ப்பு ஒன்றும் சொல்ல மாட்டார். இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "இன்னா நடந்துச்சி, மொதல்லருந்து சொல்லு" என்பார். சொல்லி முடித்ததும் "எனுக்குப் புரியல, இன்னொரு வாட்டி மொதல்லருந்து" என்பார். மூன்றாவது வாட்டி சொல்லும்போது சொல்கிறவளுக்கே அலுத்துவிடும். எழுந்து போய்விடுவார்கள்.

கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அவரோடு இருப்பது வேடிக்கை இல்லை. அவர் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தபோது அதைப் பார்த்தேன்.

புளி உலுக்கப் போன மனுசர் மரத்தடியிலேயே சாய்ந்துவிட்டார். வேலூரில் வெகுநாள் வைத்துப் பார்த்தார்கள். உயிர் தங்கியது. வலது பக்கம் போயிற்று. பேச்சு முழுதாகப் போயிற்று. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வாய்தான் வராது. இடது கையில் விரல்கள் ஓரளவு கேட்டன. இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவர் தலை தானாக ஆடத் தொடங்கியது. மேலும் கீழுமாக, ஆமாம் ஆமாம் என்று சொல்வதுபோல. தூங்கும்போது மட்டும் நிற்கும்.

அக்கா தினமும் காலையில் அவரைத் தூக்கி நிறுத்தி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கவைப்பார். பாதியில் தடுமாறினால் அங்கிருந்து தொடர விட மாட்டார். வாசற்படிக்கே திருப்பிக் கூட்டிவந்து மறுபடி தொடங்கவைப்பார். ஒருநாள் பார்த்த எனக்கே பாவமாக இருந்தது. "விடுங்கக்கா, அவருக்கு முடியல போல" என்றேன். "அவுரு சொல்லட்டும், வுட்டுடறேன்" என்றார். அவரால்தான் சொல்ல முடியாதே. தலை ஆமாம் ஆமாம் என்று ஆடிக்கொண்டிருந்தது.

வேலூரில் இருந்தபோது, கல்லூரி மாணவர்கள் சிலர் அவருக்காக ஒரு பெட்டி செய்து கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்றின் மேல்மூடியில் பெரிய பெரிய வண்ணப் பொத்தான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம். சொம்புப் படத்தை அழுத்தினால் டப்பாவுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொல்லும். செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். "நன்றி" என்றுகூட ஒரு பொத்தான் இருந்தது. அதை அவர் ஒருநாளும் அழுத்தியதில்லையாம். "எங்கூர்ல யாரு யாருக்கு நன்றி சொல்றாங்க?" என்பார் அக்கா.

டப்பாவைத் திறந்தால் உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பச்சைப் பலகை. அதுவே முழுக் கம்ப்யூட்டர். அதற்கு ஹார்டு டிஸ்க் கிடையாது. அதை எழுப்பி நடத்துகிற ஓ.எஸ்., பொத்தானுக்குரிய புரோகிராம், அந்தக் குரல்கள் எல்லாமே விரல்நகம் அளவுள்ள ஒரு மெமரி கார்டில் இருந்தன. மலையில் மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போய்ப் போய் வந்ததில் ஒருநாள் பெட்டி ஊமையாகிவிட்டது. அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் அக்கா என் கடைக்கு வந்தார்.

"இது பேச மாட்டேங்குது தங்கச்சி. சனிக்கெழமைக்குள்ள பேசணும்."

"சனிக்கிழமை இன்னா விசேசம்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அமிர்திப் பக்கம் அடிவாரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் கொழுந்தன், அண்ணனைத் தன் வீட்டோடு கூட்டிப்போய்விட வேண்டும் என்று நிற்கிறார். ஆஸ்பத்திரி பக்கம், பஸ் இருக்கிறது, மலையில் ராத்திரி ஏதாவது ஆனால் யார் தூக்குவது என்கிறார். நிலத்தை யாருக்காவது வாரத்துக்கு விட்டுவிடலாம், அண்ணி வந்தால் வரட்டும், வராவிட்டால் இருக்கட்டும். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிப் பேசிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் குனிந்து, "இன்னாப்பா, தம்பியோட போறியா?" என்று அவரைக் கேட்டிருக்கிறார். தலை ஆடியிருக்கிறது. ஆமாம், ஆமாம்.

"அப்போ அவுரு எங்கைய புடிச்சிக்கினு இருந்தாரு. வெரலால அழுத்துனாரு பாரு, நகம் பதிஞ்சிப் போச்சு. அவுருக்கு இஷ்டமில்லன்னு சொன்னேன். 'அது உனக்குத்தானே தெரியும் அண்ணி, எங்களுக்கு எப்டித் தெரியும்'னு கேட்டுட்டான். வர்ற சனிக்கெழமை வண்டி கொண்டாரானாம்."

கொழுந்தன் கெட்டவர் என்று அக்கா சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய ஆளின் பதில் யாருக்கும் கேட்கவில்லையே.

நான் அந்த மாதிரி கம்ப்யூட்டரை அதற்கு முன் தொட்டதில்லை. கார்டை எடுத்து என் லேப்டாப்பில் போட்டேன். கார்டே தெரியவில்லை. சந்தையில் வாங்கிய புதுக் கார்டு ஒன்று இருந்தது. நெட்டில் தேடி அந்தப் பலகைக்குரிய ஓ.எஸ். ஃபைலை இறக்கத் தொடங்கினேன். மலையில் நெட் எறும்பு மாதிரி ஊரும். பாதிக்கு மேல் வந்ததும் கரண்ட் போயிற்று. வந்ததும் பார்த்தால் இறங்கியது அத்தனையும் வீண்.

"மொதல்லருந்து போடு" என்றார் அக்கா, பருத்திப் பையிலிருந்து எலுமிச்சைச் சோற்றை எடுத்துக்கொண்டே. எனக்கும் சேர்த்துக் கட்டிவந்திருந்தார். வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஃபைல் ஒருவழியாக வந்தது. பாட்டு ஏற்றுவதுபோல அதைக் கார்டில் காப்பி செய்தேன். பலகையில் செருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு சிமிட்ட வேண்டும் என்று நெட்டில் படித்திருந்தேன். அது சிமிட்டவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு போன் நம்பர் ஒட்டியிருந்தது. அதைச் செய்த மாணவிகளில் ஒருத்தியுடையது. அவள் இப்போது பெங்களூரில் வேலையில் இருந்தாள். எடுத்துப் பேசினாள். "காப்பி பண்ணக் கூடாதுங்க. அந்த ஃபைல் ஒரு முழு கார்டோட படம் மாதிரி. அதுக்குன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அது கார்டுல இருக்கறதையெல்லாம் அழிச்சிட்டு, அந்தப் படத்தை அப்படியே எழுதும். எழுதினதும் சரியா எழுதிருக்கான்னு அதுவே திருப்பிப் படிச்சுப் பார்க்கும்" என்றாள். பொத்தான்களுக்கான புரோகிராமை அனுப்புவதாகச் சொன்னாள். குரல்கள் மட்டும் அவளிடம் இல்லை. பழைய லேப்டாப்போடு போய்விட்டதாம்.

"எழுதிட்டு அதுவே சரிபாக்குமா?" என்றார் அக்கா, போனை எட்டிப் பார்த்து. "நல்ல சாமானா கீதே."

மறுநாள் எழுதினோம். கோடு நகர்ந்து நகர்ந்து கடைசிக்குப் போயிற்று. பிறகு சரிபார்த்தது. பாதியில் நின்று, எழுதியதும் இருப்பதும் ஒன்றாக இல்லை என்று சொல்லிவிட்டது. மறுபடி எழுதினோம். மறுபடியும் அதே. பெங்களூர்ப் பெண்ணிடம் கேட்டால், கார்டு போலி என்றாள். மேலே அச்சடித்திருக்கும் அளவு உள்ளே இல்லை. அக்கா கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே போனார். சந்தையில் கடை போடுகிறவன் அந்தத் தெருவிலேயேதான் குடியிருந்தான். அவனோடு சத்தம் போட்டதாகத் தெரியவில்லை. சும்மா அவன் வாசலில் நின்றிருக்கிறார். வேறு கார்டு தருகிறேன் என்று அவன் சொல்லியும் அக்கா நகரவில்லையாம். மிச்சம் இருந்த கார்டுகளையெல்லாம் அவன் எடுத்துக் குப்பையில் போட்ட பிறகுதான் திரும்பி நடந்தார். அப்படியே போளூர் பஸ் ஏறி, இருட்டுவதற்குள் நல்ல கார்டு ஒன்றோடு வந்துவிட்டார்.

அந்தக் கார்டில் எழுதியது சரிபார்ப்பில் தேறிற்று. பலகையில் செருகியதும் பச்சை விளக்கு சிமிட்டியது. கடையிலிருந்த பழைய டி.வி.யில் வயரைச் செருகினேன். வரிவரியாக எழுத்துகள் ஓடின. நான் கை தட்டிவிட்டேன். ஆனால் சத்தம் வரவில்லை. அதற்கு ஒரு பகல் போயிற்று. சத்தம் டப்பாவிலிருக்கும் ஸ்பீக்கருக்குப் போகாமல் டி.வி. வயர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று கண்டுபிடித்து மாற்றியதும், உள்ளிருந்து ஒரு பெண் இங்கிலீஷில் "ஃப்ரன்ட், சென்டர்" என்றாள்.

"யாரு இது?" என்றார் அக்கா திடுக்கிட்டு.

"சத்தம் வருதான்னு பாக்கறதுக்கு வெச்சிருக்காங்கக்கா."

புரோகிராமையும் ஏற்றிவிட்டேன். பொத்தானை அழுத்தினால் டிக் என்றது. இனிக் குரல்களைப் பதிவது ஒன்றுதான் பாக்கி. எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அக்கா கார்டைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன்.

"இத அழி."

எனக்குப் புரியவில்லை.

"இது நீ பண்ணது. கரண்ட்டு போய் மறுபடியும் கெட்டுச்சின்னா, நீ கடையச் சாத்திக்கினு ஊருக்குப் போயிருந்தா, நான் இன்னா பண்ணுவேன்? அழி. நான் மொதல்லருந்து பண்றேன். நீ வாயால சொல்லு, கைய வெக்காத."

எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். அவர் அதே ஸ்டூலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பார். மவுஸை அவர் பிடித்தது அரிவாளைப் பிடிப்பதுபோல் இருந்தது. அம்புக்குறி திரையின் ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொள்ளும். தேடிப் பிடித்துக் கொண்டுவருவார். எந்த ஃபைல், எந்தக் கார்டு என்று தேர்ந்தெடுக்கிற இடத்தில் நிறுத்தி, "இதுலதானே தப்பு பண்ணா லேப்டாப்பே அழிஞ்சிடும்னு சொன்னே?" என்று கேட்டு, மூன்று தடவை பார்த்துவிட்டு அழுத்தினார். ஒருமுறை தவறினார். கார்டை உருவி, மறுபடி. பாஸ்வேர்டு வைக்கும் இடத்தில் மறுபடி. பச்சை விளக்கு அவர் கையால் சிமிட்டியபோது சிரிக்கக்கூட இல்லை. "சரி" என்றார். அவ்வளவுதான்.

குரல் பதிய வேறு ஆள் இல்லை. அவரே என் போனில் பேசினார். "தண்ணி வேணும்." "பசிக்குது." "வலிக்குது." "வெளிய போவணும்." "ஃபேன போடு." எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டுப் பெட்டியில் செருகினால் போதும், பெங்களூர்ப் பெண் அப்படி வசதி செய்து தந்திருந்தாள். 'நன்றி' இருந்த பொத்தானுக்கும் ஓரத்தில் மிஞ்சிய இரண்டு பொத்தான்களுக்கும் என்ன வைப்பது என்று தெரியவில்லை. அவற்றைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் ஜீப்பில் வந்து இறங்கினார். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"காலிப் பட்டனுக்கு இன்னா வேணும்னு ராவெல்லாம் கேட்டேன் தங்கச்சி. அவுரு வெரலப் புடிச்சிக்கினு, காப்பியா, பீடியா, கோயிலுக்குப் போவணுமா, தம்பியப் பாக்கணுமான்னு. எதுக்கும் அழுத்தல. எனுக்குச் சலிச்சிப் போய், 'இன்னாதான்யா, ஒண்ணும் வேணாமா?'ன்னேன். அழுத்தினாரு பாரு, வெரலு ஒடையற மாதிரி. அவுருக்கு வேண்டியது 'வேணாம்'தான்."

அத்தனை படித்த பிள்ளைகள் யோசித்து வைத்த பொத்தான்களில் அந்த ஒரு சொல் இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கேட்பதற்கெல்லாம் பொத்தான் வைத்தோம். மறுப்பதற்கு வைக்கவில்லை.

அக்கா போனை வாங்கி, தெளிவாக, "வேணாம்" என்று பேசினார். கூடவே "வேணும்" என்றும் பேசினார். ஓரத்து இரண்டு பொத்தான்களுக்கும் அவற்றை வைத்தோம்.

சனிக்கிழமைக்கு முந்தின நாள் போன் செய்தார். "மொதமொதல்ல என்னியத்தான் வேணாம்னாரு. காலைல நடக்க வெச்சேன் இல்ல? தடுமாறினாரு. திருப்பிப் படிக்கிட்ட கூட்டியாந்தேன். பொட்டியக் காட்டினாரு. எடுத்தாந்து வெச்சா, 'வேணாம்'. எங்கொரலு என்னியவே வேணாங்குது." சிரித்தார். பிறகு, "இத்தினி நாளு மனசுக்குள்ள எவ்ளோ வாட்டி சொல்லிருப்பாரு" என்றார். உடனே, "நாளைக்கு நீ லேப்டாப்ப எடுத்துக்கினு வா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

போனேன். அவர் வீட்டு முன்னால் பலாமரத்தடியில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொழுந்தன் கொண்டுவந்த வேன் மேட்டில் நின்றது. பின் சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டிருந்தார். மெத்தை புதிது. அண்ணனுக்காக வாங்கியது. அதைப் பார்த்ததும் அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை வந்தது. அக்காவின் வீட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து மடியில் பெட்டியை வைத்திருந்தார் அக்கா. தலை ஆடிக்கொண்டிருந்தது.

பெரியவர் கேட்டார். "இன்னாப்பா, தம்பி வூட்டுக்குப் போறியா?"

இடது கை மெல்ல நகர்ந்து, ஓரத்துப் பொத்தானுக்குப் போய், அழுத்தியது.

"வேணாம்."

அக்காவின் குரல் சத்தமாக வந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழுந்தன் எழுந்தார்.

"இது அண்ணி கொரலுதானே? அண்ணி பேசறதக் கேக்கவா எல்லாரும் வந்துகீறோம்? அதுல இன்னா வெச்சிகீதுன்னு நமக்கு இன்னா தெரியும்? எத அழுத்தினாலும் வேணாம்னு சொல்லுமோ இன்னவோ."

கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அந்த மூன்று நான்கு நாள் பாடும் ஒரே பேச்சில் போய்விட்டதே என்று நினைத்தேன். அக்கா மட்டும் அசரவில்லை. கொழுந்தன் சொன்னதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"அவன் கேக்கறது நாயந்தான்" என்றார். "தங்கச்சி, எங்கொரல எடுத்துடு. தம்பி, நீ வா. நீயே 'வேணும்'னு சொல்லு, 'வேணாம்'னு சொல்லு. உங்கொரலத்தான் வெக்கணும். எந்தப் பட்டன்ல எதுன்னு நீயே பாரு. அப்புறம் நீயே உங்கண்ணனக் கேளு. நான் தூரப் போய் நிக்கறேன்."

சொன்னபடி போய் மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றுகொண்டார். எங்களைப் பார்க்காமல் முதுகைக் காட்டி நின்றார்.

கொழுந்தனால் மறுக்க முடியவில்லை. என் போனில் இரண்டையும் பேசினார். நான் லேப்டாப்பில் போட்டு, பென் டிரைவுக்கு மாற்றி, பெட்டியை அணைத்து எழுப்பினேன். பவர் பேங்கில் ஓடியதால் கரண்ட் பயம் இல்லை. பச்சை விளக்கு சிமிட்டுவதைக் கூட்டமே குனிந்து பார்த்தது. கொழுந்தன் இரண்டு பொத்தான்களையும் தானே அழுத்தி, தன் குரலைத் தானே கேட்டு உறுதி செய்துகொண்டார். இரண்டும் அண்ணன் பேசுவதுபோலவே இருந்தன. ஒரே தொண்டை. உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "அடேங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார்.

கொழுந்தன் அண்ணன் முன்னால் குந்தினார். "ணா, எங்கூட வந்துடறியா? நல்லாப் பாத்துக்கறேன்."

விரல் நகர்ந்தது. "வேணாம்."

பெரியவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். "இங்கியே, உன் வூட்லயே இருக்கணுமா?"

விரல் அடுத்த பொத்தானுக்குப் போயிற்று. "வேணும்."

இரண்டு கேள்விக்கும் தலை ஒரே மாதிரிதான் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பெரியவர் கவனித்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போன வாட்டி நாமதான் தப்பாக் கேட்டுட்டோம்" என்றார்.

கொழுந்தன் எழுந்திருக்கவில்லை. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எம்மேல கோவமாணா?" என்றார்.

மறுபடியும் கொழுந்தன் குரலே பதில் சொல்லிற்று. "வேணாம்."

கோபம் இல்லை என்பதற்கு அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். யாரோ சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் சிரித்துக்கொண்டே அழுதார்.

அக்கா கொட்டகையிலிருந்து வந்தார். கொழுந்தன் கண்ணைத் துடைக்கும்வரை பொறுத்திருந்தார். "அழுதது போதும். மிச்சம் எல்லாப் பட்டனுக்கும் உங்கொரலயே குடுத்துட்டுப் போ. எங்கொரலு அவுருக்கு ஆகல" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு டீ போட உள்ளே போனார். மெத்தையை வேனிலிருந்து இறக்கித் திண்டு போட்டுச் சாய்த்து, அண்ணனை அதில் உட்காரவைத்தார்கள். கொழுந்தன் ஒவ்வொன்றாகப் பேசினார். தண்ணி. பசி. வலி. நான் ஒவ்வொன்றாக மாற்றினேன்.

கடைசியாக, காலியாகக் கிடந்த 'நன்றி'ப் பொத்தான் மிஞ்சியது. அண்ணனைக் கேட்டோம். அவர் கையைத் தூக்கி வீட்டின் உள்பக்கம் காட்டினார். எனக்குப் புரியவில்லை. கொழுந்தனுக்குப் புரிந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார். அண்ணன் நிலத்திலிருந்து வரும்போது வரப்பிலிருந்தே அக்காவை எப்படிக் கூப்பிடுவாரோ அதே இழுப்போடு, கொஞ்சம் அதட்டலாக, போனில் ஒரே ஒரு சொல் சொன்னார். நான் அதைப் பென் டிரைவில் போட்டு, பெட்டியை எழுப்பி, அவர் மடியில் வைத்தேன்.

அவர் அழுத்தினார்.

"ஏமே!"

"தோ வர்றேன்!" என்று உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது. அடுப்படியில் ஏதோ உருண்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வேகமாக வந்த அக்கா, வாசற்படியில் ஒரு காலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அவர் மறுபடி அழுத்தினார்.

"வந்துட்டேன்" என்றார் அக்கா.